ஈரம் காய்வதற்குள் ஒரு படம்: ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சரும் கண்ணாடித் தகடும்

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும்போது இடக்கை ஆட்காட்டி விரலில் ஊதா நிறத்தில் ஒரு கோடு இருக்கும். வெயிலில் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் அது கறுத்துவிடும். பிறகு சோப்பும் எலுமிச்சையும் அதனிடம் பலிக்காது. தோல் உரிந்து, நகம் வளர்ந்துதான் போக வேண்டும். மைசூரில் தயாராகும் அந்த மையில் வெள்ளி நைட்ரேட் என்ற உப்பு இருக்கிறது. அது தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகிறது. அதன்மேல் வெளிச்சம் படப் பட, மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து படிகின்றன. வெள்ளி என்றதும் நமக்குப் பளபளப்புதான் நினைவுக்கு வரும். அவ்வளவு நுண்ணிய துகளாக இருக்கும்போது அது கறுப்பாகத்தான் தெரியும்.

ஃபிலிம் காலம் முடியும்வரை புகைப்படக் கலை பெரும்பாலும் இந்தக் குணத்தின் மேல்தான் நின்றது. ஆனால் குணம் தெரிந்தவுடன் படம் வந்துவிடவில்லை. ஓட்டு மை விரலைப் பிடித்துக்கொள்கிறது. கேமராவுக்குள் வைக்கப்போகும் வெள்ளி உப்பு எதைப் பிடித்துக்கொள்ளும்? எதன் மேல், எந்தப் பசையால் அதை நிறுத்துவது? தொடக்க காலப் புகைப்பட வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்கு நல்ல விடை கண்டவர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர். டாகேர், டால்பட் என்ற பெயர்கள் பாடப் புத்தகம்வரை வந்துவிட்டன. இவர் பெயர் வரவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

முதலில் அந்த இருவரையும் பார்த்துவிடலாம். பிரான்சின் லூயி டாகேர் 1839இல் உலகுக்குக் காட்டிய முறையில், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து, பிறகு பாதரச ஆவியில் காட்டிப் படத்தை வரவழைத்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெளிவு குறையாத படம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். பிரதி வேண்டுமானால் மறுபடியும் போய் உட்கார வேண்டும்.

இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற முறை காகிதத்தில் நடந்தது. வெளிச்சமான இடம் கறுப்பாகவும் நிழலான இடம் வெளுப்பாகவும் பதியும், அதுதான் நெகட்டிவ். அதை வெள்ளி உப்புப் பூசிய இன்னொரு காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் எல்லாம் மீண்டும் தலைகீழாகி, சரியான படம் கிடைக்கும். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். இந்த யோசனை மகத்தானது. குறை காகிதத்தில் இருந்தது. காகிதம் நாரால் ஆனது. வெளிச்சம் அதைக் கடந்து போகும்போது நாரின் சொரசொரப்பும் சேர்ந்து பிரதியில் விழும். கன்னத்தின் மென்மையும் காகிதத்தின் நாரும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

அப்படியானால் கண்ணாடி? கண்ணாடியில் நார் இல்லை. ஆனால் வெள்ளிக் கரைசலை அதன் மேல் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். நடுவில் ஒரு பசை வேண்டும். 1848இல் நியெப்ஸ் த சேன் விக்டர் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிப் பார்த்தார். படம் மிகக் கூர்மையாக வந்தது. ஆனால் பல நிமிடங்கள் வெளிச்சம் பட வேண்டியிருந்தது. கட்டடம் காத்திருக்கும், குழந்தை காத்திருக்குமா?

தேவைப்பட்ட பசையின் இலக்கணத்தை இப்படிச் சொல்லலாம். கண்ணாடியைப் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. தண்ணீரில் கரையக் கூடாது; ஆனால் தண்ணீரில் கரைத்த மருந்துகள் அதனுள்ளே ஊறிச் செல்லவும் வேண்டும். கரையவும் கூடாது, ஊறவும் வேண்டும் என்ற இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமானது.

ஆர்ச்சர் 1813இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். லண்டனில் ஒரு வெள்ளிப் பாத்திர வணிகரிடம் தொழில் பழகப் போனார். அங்கே கைக்கு வந்த பழைய நாணயங்களும் அவற்றில் பொறித்த தலைகளும் அவரைச் சிற்பத்தின் பக்கம் இழுத்தன. முகச்சிற்பம் செய்பவரானார். தன்முன் வந்து உட்காருபவர்களின் முகத்தைப் பிறகு பார்த்துச் செதுக்க ஒரு நினைவுப்படம் இருந்தால் நல்லது என்பதற்காகத்தான் 1847 வாக்கில் டால்பட்டின் காகித முறையைக் கற்றுக்கொண்டார். கற்றுத் தந்தவர் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர். சிற்பியின் கண்ணுக்குக் காகிதத்தின் சொரசொரப்பு பொறுக்கவில்லை. வெள்ளிக் கடையில் தொழில் தொடங்கியவர் வெள்ளி உப்போடு மல்லுக்கட்டத் தொடங்கினார்.

அவர் தேடிய பசை மருத்துவர்களின் மேசையில் இருந்தது. 1846இல் பாசெல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்தெடுத்தால் அது வெடிபொருளாகிறது என்று அறிவித்தார். பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். நெருப்புப் பட்டால் நொடியில் எரிந்துபோகும். அதே பஞ்சைச் சற்றே மென்மையாகப் பக்குவப்படுத்தினால் ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் கரைந்து, தேனைவிட இளகலான பாகாகிவிடும். இதற்குக் கொலோடியன் என்று பெயர். ஊற்றினால் ஈதர் ஆவியாகிப் போய், தெளிந்த மெல்லிய தோல் ஒன்று மிஞ்சும். வெட்டுக் காயத்தின் மேல் பூசி மூடுவதற்கு மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

இது நமக்கும் அவ்வளவு அந்நியமான பொருள் அல்ல. கால் ஆணிக்குச் சொட்டாக விடும் மருந்துகள் சிலவற்றில் இன்றும் கொலோடியன்தான் அடிப்படை. பூசிய சில நொடிகளில் தோலின் மேல் ஒரு வெள்ளைப் படலம் இறுகுவதைப் பார்த்திருக்கலாம். நகப் பூச்சில் படலமாக நிற்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான்.

புகைப்படத்துக்குக் கொலோடியன் உதவக்கூடும் என்று 1850 வாக்கிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே போன்றோர் சொல்லியிருந்தார்கள். முதலில் எண்ணியது யார் என்ற வழக்கு அன்றே கிளம்பியது. ஆனால் "கூடும்" என்பதற்கும் "இப்படிச் செய்" என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து கடந்தவர் ஆர்ச்சர். 1851 மார்ச்சில் 'தி கெமிஸ்ட்' என்ற இதழில் தன் முறையை, எவரும் படித்துவிட்டுச் செய்யக்கூடிய வகையில் எழுதி வெளியிட்டார்.

அந்த முறையும், பின்வந்தவர்கள் அதைக் கையாண்ட விதமும் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு வேதியியல் இருக்கிறது.

கொலோடியனில் முன்கூட்டியே பொட்டாசியம் அயோடைடு போன்ற ஓர் அயோடைடு உப்பைக் கரைத்து வைத்திருப்பார்கள். கண்ணாடித் தகட்டைத் துளி அழுக்கில்லாமல் துடைத்து, ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, நடுவில் பாகை ஊற்ற வேண்டும். பிறகு தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, பாகு ஒவ்வொரு மூலைக்கும் ஓடும்படி செய்து, மிச்சத்தைக் கடைசி மூலை வழியாகப் புட்டிக்குள்ளேயே வடித்துவிட வேண்டும். ஆப்பச் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றுகிறோமே, அந்தக் கைப்பழக்கம்தான். தயங்கினால் அலை அலையாகத் தடித்துவிடும்; ஆப்பம் போலச் சாப்பிட்டுத் தீர்த்துவிடவும் முடியாது.

படலம் முழுதும் காயாமல், விரல் வைத்தால் பிசுபிசுக்கும் பதத்தில், இருட்டறைக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தகட்டை முக்குவார்கள். மூன்று நான்கு நிமிடம். உள்ளே இருக்கும் அயோடைடும் வெளியே இருந்து ஊறிவரும் வெள்ளியும் சேர்ந்து, படலத்துக்குள்ளேயே வெள்ளி அயோடைடு உருவாகும். தெளிவாக இருந்த கண்ணாடி பாலாடை நிறத்துக்கு மாறும். வெளிச்சத்தை உணரும் பொருள் இதுதான். கரையாது, ஆனால் ஊறும் என்ற அந்த நிபந்தனையை ஈரக் கொலோடியன் நிறைவேற்றுவது இந்த இடத்தில்தான்.

சொட்டச் சொட்டத் தகட்டை ஒளி புகாத சட்டத்துக்குள் வைத்து, கேமராவில் செருகி, லென்ஸின் மூடியைத் திறந்து மூடுவார்கள். நல்ல வெளிச்சத்தில் சில நொடிகளே போதும். காகிதத்துக்கும் முட்டை வெள்ளைக்கும் ஆன நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல்.

இப்போது தகட்டை எடுத்துப் பார்த்தால் படம் எதுவும் தெரியாது. ஆனால் படம் இருக்கிறது. வெளிச்சம் பட்ட துகள்களில் அங்கங்கே ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கின்றன. அவற்றின் மேல் பைரோகாலிக் அமிலக் கரைசலை ஊற்றுவார்கள். பிற்காலத்தில் இரும்பு சல்பேட்டு. இது டெவலப்பர். தகட்டின் ஈரத்தில் மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட்டை அது உலோக வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வெள்ளி ஏற்கெனவே பிரிந்து நிற்கும் அணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பனங்கற்கண்டு செய்யும்போது பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். கற்கண்டு நூலைப் பற்றி வளரும். வெளிச்சம் விட்டுச்சென்ற சில அணுக்கள்தான் இங்கே நூல். நொடிக்கணக்கில் முகம் ஒன்று எழுந்து வருவதைப் பார்க்கலாம்.

வெளிச்சம் படாத வெள்ளி அயோடைடு இன்னும் தகட்டில் இருக்கிறது. விட்டுவைத்தால் பகலில் அதுவும் கெட்டு, படத்தையும் கெடுக்கும். அதைக் கரைத்தெடுப்பது ஹைப்போ என்று நம் ஊர் பழைய ஸ்டூடியோக்காரர்களும் சொன்ன சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். ஹைப்போவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் சயனைடு பயன்படுத்தியவர்களும் நிறைய. வேகமும் தெளிவும் கிடைத்தன, கொடிய விஷத்தோடு ஒரே அறையில் வேலை செய்ய வேண்டியும் இருந்தது. கடைசியில் கழுவி, இளஞ்சூட்டில் உலர்த்தி, கீறல் விழாமல் இருக்க வார்னிஷ் பூசினால் நெகட்டிவ் தயார்.

இந்த முறைக்கு ஈரத் தகட்டு முறை என்று பெயர் வந்ததற்குக் காரணம் இந்நேரம் விளங்கியிருக்கும். கொலோடியன் காய்ந்து இறுகிவிட்டால் அதன் துளைகள் மூடிக்கொள்ளும். டெவலப்பர் உள்ளே போகாது. மேலே உள்ள வெள்ளி நைட்ரேட் உலர்ந்து படிகமாகிப் படலத்தைச் சிதைக்கும். கற்கண்டு வளரப் பாகும் இருக்காது. ஆகவே பூசுவது, முக்குவது, படமெடுப்பது, டெவலப் செய்வது எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கோடை வெயிலில் அந்த நேரமும் கிடைக்காது.

விளைவு, புகைப்படக்காரர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போக வேண்டியதாயிற்று. கூடாரம், கண்ணாடிகள், அமிலப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், எல்லாவற்றையும் சுமக்க வண்டி. 1855இல் கிரீமியப் போரைப் படமெடுக்கப் போன ரோஜர் ஃபெண்டன், ஒரு மது வணிகரின் பழைய குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றி, சுமார் 700 கண்ணாடித் தகடுகளோடு கப்பலேறினார். கோடை தொடங்கியதும் மூடிய வண்டிக்குள் இருந்த சூட்டில், ஊற்றும்போதே கொலோடியன் காய்ந்தது. அப்படியிருந்தும் 350க்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இந்த வேலை செய்தவர்களை விரலைப் பார்த்தே அடையாளம் காணலாம். ஓட்டு மை வைத்தது போல நிரந்தரமாகக் கறுத்திருக்கும்.

ஈரத் தகட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய படங்களைப் பார்ப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. அது நீல ஒளியையும் ஊதாவையும் உணரும், சிவப்பை உணராது. இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். நீல வானம் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். நெற்றியில் இட்ட குங்குமம் கரும்புள்ளியாகும். மஞ்சள் பூசிய முகமும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். அந்தக் காலத்துப் படங்களை வைத்து ஒருவரின் நிறத்தைப் பற்றி முடிவு கட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆர்ச்சர் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாதாரணச் செயல் அல்ல. டாகேரின் முறையை உலகுக்கே இலவசமாக வழங்கிய பிரெஞ்சு அரசின் அறிவிப்புக்குச் சற்று முன்பே அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுக்கப்பட்டிருந்தது. காகித முறை டால்பட்டின் கையில் இருந்தது. இரண்டில் எதைக் கொண்டு தொழில் செய்தாலும் பணம் கட்ட வேண்டும். ஆர்ச்சரோ, எழுதி அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். ஆனாலும் அது உடனே எல்லாருக்கும் உரியதாகிவிடவில்லை. ஈரத் தகட்டு முறையும் தன் காப்புரிமைக்குள் அடங்கும் என்றார் டால்பட். தன் முறையில் டெவலப்பராகக் காலிக் அமிலம், இதில் பைரோகாலிக் அமிலம், இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். லண்டன் ஸ்டூடியோக்காரரான லரோஷ் என்பவர் மேல் வழக்குப் போட்டார். 1854 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: காகித முறையைக் கண்டுபிடித்தவர் டால்பட்தான், ஆனால் லரோஷ் அவருடைய உரிமையை மீறவில்லை. டால்பட் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. நெகட்டிவ் என்ற அடிப்படையைத் தந்த மனிதர் அவர். ஆனால் இந்த வழக்கில் அவர் தோற்றது உலகத்துக்கு நல்லதாயிற்று. கதவு முழுதாகத் திறந்தது. ஊரெங்கும் ஸ்டூடியோக்கள் முளைத்தன. ஓவியரை வைத்து முகம் வரையச் சொல்ல வசதியில்லாதவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்து வைத்துக்கொள்ள முடிந்தது.

மலிவுக்கு வழிசெய்த மற்றொன்றும் ஆர்ச்சர் காட்டியதே. வெளிச்சம் சற்றுக் குறைவாகப் பட்ட கண்ணாடி நெகட்டிவின் பின்னால் கறுப்புத் துணியோ கறுப்பு வார்னிஷோ வைத்தால், வெள்ளி படிந்த இடங்கள் வெளுப்பாகவும் மற்ற இடங்கள் கறுப்பாகவும் தெரியும். பிரிண்ட் போடாமலே நேரான படம். இதுதான் பின்னாளில் அம்ப்ரோடைப் என்ற பெயரில் பரவியது.

மற்றவர்கள் சம்பாதித்தார்கள். ஆர்ச்சர் சம்பாதிக்கவில்லை. கென்னில்வர்த் கோட்டையின் இடிபாடுகளைப் படமெடுத்தார். கேமராவுக்குள்ளேயே தகட்டைப் பதப்படுத்தும் அமைப்பு ஒன்றைச் செய்தார். முறையைக் கையேடாகவும் எழுதினார். 1857 மே மாதம், 44 வயதுகூட ஆகியிராத நிலையில், வறுமையில் இறந்தார். லண்டனின் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய குடும்பத்துக்காகத் திரட்டிய நிதி 747 பவுண்டு. அடுத்த ஆண்டே மனைவியும் போய்விட, மூன்று குழந்தைகளுக்கு அரசு ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. அவர் தந்த முறையால் ஒரு பைசாவும் கிடைக்கவில்லை என்று ஆவணத்தில் குறித்துத்தான் அந்த உதவி கேட்கவேண்டியிருந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நம் பக்கத்து வெயிலுக்கும் இந்த முறைக்கும் ஒத்துப்போகவில்லை. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம், ஈரத்துக்குக் காவல் இருக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டு வரிசையை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக அவர் இணைத்தது காகிதத்தால்தான். ஈரத் தகட்டின் பெரும் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையில் சில படங்கள் எடுத்தார். இங்கிலாந்தில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டால் அவை மிகக் குறைவு. 1879இல் இலங்கையிலேயே இறந்தார்.

ஈரத்தின் ஆட்சியை முடித்தவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். ஈதர் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து பூசலாம் என்று 1871இல் எழுதினார். ஜெலட்டின் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி ஊறி விரியும். ஆர்ச்சரின் பசையால் முடியாதது அதுதான். சில ஆண்டுகளில் மற்றவர்கள் அதை மேம்படுத்தி, ஆலைகளில் பூசி, பெட்டியில் அடுக்கி விற்றார்கள். மேடக்ஸும் காப்புரிமை எடுக்கவில்லை.

பழைய கண்ணாடி நெகட்டிவ் ஒன்றை எங்கேனும் பார்க்க வாய்த்தால் அதன் ஓரங்களைக் கவனியுங்கள். பூச்சு ஓரம்வரை சீராக இருந்தால் அது பெரும்பாலும் ஆலையில் செய்த உலர்தகடு. ஓரம் அலையலையாக, ஒரு பக்கம் பாகு வடிந்த தடத்தோடு, ஒரு மூலை மட்டும் பூச்சே இல்லாமல் வெறும் கண்ணாடியாக இருந்தால் அது ஈரத் தகடு. பூச்சு எட்டாத அந்த மூலையில்தான் ஊற்றியவரின் கட்டைவிரல் இருந்தது.